பூம்பாறையின் பின்வடம்

மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டி ஏறுகிறவர்களில் பலர் ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கொடைக்கானலுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது பூம்பாறை. அங்கே நின்று நிதானமாகப் பார்க்க நிறைய உண்டு.

மலையூர் என்றால் அண்ணாந்து பார்ப்பதுதான் வழக்கம். பூம்பாறையைக் குனிந்து பார்க்க வேண்டும். சாலை வளைவில் நின்றால், கீழே பள்ளத்தாக்கில் வீடுகள் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன. சுற்றிலும் படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். எந்த வரப்பும் நேராக ஓடவில்லை. சரிவு வளையும் இடத்தில் வரப்பும் வளைகிறது. சரிவு செங்குத்தானால் பாத்தி ஒடுங்குகிறது, சாய்வு குறைந்தால் அகலுகிறது. பச்சையிலும் எத்தனை பச்சை! கேரட்டின் மெல்லிய தழைப் பச்சை ஒன்று, உருளைக்கிழங்குச் செடியின் அடர்பச்சை ஒன்று, பூண்டுத் தாளின் நீலம் ஓடிய பச்சை ஒன்று. நடுநடுவே புதிதாகக் கொத்திப் போட்ட மண்.

ஸ்பெயினில் சியரா நெவாடா மலையின் தென்சரிவில் இருக்கும் அல்புஹாரா ஊர்களும் சரிவை இப்படியே படியாக்கிக்கொண்டவை. அங்கே முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வெட்டிய வாய்க்கால்களில் பனி உருகிய நீர் இன்றும் ஓடுகிறது. எந்த நாட்டு மலையிலும் உழவனின் முதல் வேலை, மண்ணும் நீரும் ஓடிப்போகாமல் பிடித்துவைப்பதுதான்.

பூம்பாறையில் பூண்டையும் பிடித்துவைக்கிறார்கள். பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டு, அடியில் புகை போடுகிறார்கள். தோல் பழுப்பேறுகிறது, பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பல் சிறுத்தாலும் காரம் குறைவதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஊரின் நடுநாயகம் குழந்தை வேலப்பர். போகர் நவபாஷாணத்தால் செய்த திருமேனி என்பது நம்பிக்கை. அருணகிரிநாதரைக் காக்க முருகன் குழந்தை வடிவில் வந்தான் என்கிறது தலக்கதை. இந்தக் குழந்தையின் தேரில்தான் ஊரின் நயமெல்லாம் திரண்டிருக்கிறது.

மதுரை மாசி வீதிகளில் தேரை முன்னே இழுக்கிறோம். நிறுத்த முட்டுக்கட்டை போடுகிறோம். பூம்பாறைத் தெருவில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. இறக்கத்தில் தேர் தானாக ஓடத் தொடங்கினால் முட்டுக்கட்டையை மட்டும் நம்ப முடியாது. அதனால் இங்கே தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். ஒரு சாரார் இழுக்க, இன்னொரு சாரார் கால் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து பிடிக்கிறார்கள். முன்வடக்காரருக்குத் தேர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பின்வடக்காரருக்கோ வீதி முழுவதும் கண்ணெதிரே தேர்.

இழுப்பவருக்குக் கிடைக்கும் புண்ணியம் பிடிப்பவருக்கும் உண்டு என்று வடத்தை இரண்டாகப் பகிர்ந்த ஊர் இது. வரப்பில் மண்ணைப் பிடித்துப் பழகிய கைகளுக்குத்தான் தேரையும் இப்படிப் பிடிக்கத் தோன்றியிருக்கும். தேரோட்ட நாளில் போகிறவர்கள் முன்வடத்துக்கு முண்டியடிக்காமல், பின்வடத்தில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.