கோணல் தராசு

பல ஆயிரம் டாலர் விலையில் ஒரு புது ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் நின்று ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சந்தைக்கு வருகிறது என்றால், அதற்கு வரப்போகும் மதிப்புரையை இன்றைக்கே எழுதி வைத்துவிடலாம். பழைய மாடலைக் கேட்டபோது இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தோன்றியதாம். புதியதைக் கேட்டதும் பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவே தொங்கிய திரை விலகிவிட்டதாம். ஆடியோ ரிசர்ச் நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் 5, 5 எஸ்இ, 6, 6 எஸ்இ என்று வரிசை நீண்டபோதும் வரவேற்பு ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் இருந்தது. இத்தனை தடவை விலகியும் இன்னும் எத்தனை திரை மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

புதியவற்றில் நிஜமான முன்னேற்றம் உண்டு. பழைய ப்ரீஆம்ப்கள் பலவற்றில் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். ஒலியைக் குறைத்து வைத்தால் இடது சேனலும் வலது சேனலும் ஒத்துப்போகாது. வயதானால் திருப்பும்போது கரகரக்கும். பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் புதிய எல்ஏ4-இல் அந்த வேலையை ரிலேக்கள் 0.5 டெசிபெல் படிகளாக, மொத்தம் 256 படிகளில் செய்கின்றன. அக்யூஃபேஸ் நிறுவனம் 2002-இல் சி-2800 மாடலிலேயே பொட்டென்ஷியோமீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டது. இரைச்சல் குறைந்திருக்கிறது, ரிமோட் வந்திருக்கிறது, உதிரிபாகமும் கிடைக்கிறது. ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் கொண்ட பழைய மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்ப்பை, கசியத் தொடங்கிய அறுபது வயதுக் கெப்பாசிட்டர்களோடு அப்படியே வாங்கிவந்து 'அந்தக் காலத்து ஒலி' என்று உருகுகிறவர்கள் கேட்பது, பெரும்பாலும் பழுதைத்தான்.

ஆனால் அளவுகருவியில் தெரியும் முன்னேற்றம் வேறு, காதில் விழும் முன்னேற்றம் வேறு. அக்யூஃபேஸின் சி-3900 வால்யூம் சுற்றை இரட்டிப்பாக்கி, முந்தைய மாடலைவிட இரைச்சலை 30 சதவீதம் குறைத்தது. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. டெசிபெல் கணக்கில் அது வெறும் 3. அதுவும் ஏற்கெனவே பாட்டுக்கு நூறு டெசிபெலுக்கும் கீழே கிடந்த இரைச்சலில். 16 பிட் குறுந்தகடு தரக்கூடிய இடைவெளியே சுமார் 96 டெசிபெல்தான். மின்விசிறி சுற்றும் கூடத்தில் அந்த 3 டெசிபெலை யார் கேட்டார்கள்?

புதுமை என்று சொல்லப்படுவதில் இன்னொரு பகுதி, வேறு வழியில்லாமல் வந்தது. உயர்விலை ஆடியோ வடிவமைப்பாளர்கள் பல காலம் விரும்பிப் பயன்படுத்திய டோஷிபாவின் 2எஸ்கே170, 2எஸ்ஜே74 ட்ரான்சிஸ்டர்களின் உற்பத்தி நின்றுபோனது. பதுக்கிவைத்த சரக்கு இல்லாதவர்கள் சுற்றை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அந்த மாற்றமும் விளம்பரத்தில் முன்னேற்றக் கணக்கில்தான் சேரும்.

இவற்றைக்கூட விட்டுவிடலாம். விடவே முடியாதது, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் முறை. இரண்டு ப்ரீஆம்ப்களின் கெயின் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒன்று 6 டெசிபெல் கூட்டும், மற்றொன்று 12 கூட்டும். குமிழ் ஒரே இடத்தில் நிற்பதால் ஒலியளவு ஒன்றாகிவிடாது. அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது காதுக்குச் சத்தமாகத் தோன்றாது. செறிவாக, தெளிவாக, உயிரோட்டமாகத் தோன்றும். மதிப்புரைகளில் புது மாடலுக்குச் சூட்டப்படும் பெயரடைகள் எவை? இவையேதான். வோல்ட்மீட்டர் வைத்து இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு, கோணல் தராசில் தங்கம் நிறுப்பது. அந்தச் சமப்படுத்தலைச் செய்ததாகச் சொல்லும் மதிப்புரைகள் மிகச் சில.

1999 வாக்கில் மார்க் லெவின்சன் நிறுவனம் கொண்டுவந்த நம்பர் 32 ப்ரீஆம்ப், ஒலியை 0.1 டெசிபெல் படிகளில் நகர்த்தவல்லது. நேர்மையான ஒப்பீட்டுக்கு வேண்டிய வசதி அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்தது. பயன்படுத்தத்தான் ஆளில்லை.

இன்னும் மோசமான வழக்கம் ஒன்று உண்டு. முந்தைய மாடல் எப்போதோ நிறுவனத்துக்குத் திரும்பிப் போயிருக்கும். மதிப்புரைக்காரர் நினைவிலிருந்து ஒப்பிடுவார். ஒலியின் நுண்ணிய வேறுபாடுகளைக் காது சில நொடிகள்தான் பிடித்துவைக்கும் என்பது ஒலி உளவியலில் பாலபாடம். எதிரே எந்தப் பெட்டி இருக்கிறது, அதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேளுங்கள் என்றால் கோபம் வருகிறது; அந்தச் சோதனை மனஅழுத்தம் தருகிறதாம், நுட்பத்தை மறைத்துவிடுகிறதாம். பார்த்துக்கொண்டு கேட்டால் சமையலறையில் இருக்கும் மனைவிக்குக்கூடக் கேட்கிற வேறுபாடு, துணியால் மூடியதும் எங்கே போய் ஒளிகிறது?

1985-இல் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களுக்குச் சவால் விட்டு, விலையுயர்ந்த ஓர் ஆம்ப்பின் ஒலியைத் தன் மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவந்தார். இரண்டின் வெளியீட்டையும் கழித்து, எஞ்சும் வேறுபாட்டைச் சுமார் 70 டெசிபெல் கீழே தள்ளினார். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். பின்னால் விற்பனைக்கு வந்த பிரதி குறித்துச் சச்சரவு எழுந்தது வேறு கதை. அது பவர் ஆம்ப் என்றாலும், இதே கழித்தல் சோதனையை ப்ரீஆம்ப்புக்கும் செய்யலாம், அதுவும் எளிதாக. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது மதிப்புரையின் வழக்கமான அங்கம் ஆகவில்லை. அந்த இதழைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட்டே 2007-இல், பெட்டியை மறைத்துக் கேட்கும் சோதனையைப் புறக்கணித்து இந்தத் துறை தன் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது என்று கசந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெட்டிகள் 'மாசில்லாமல்' கடத்துவதாகச் சொல்லும் இசையே எண்ணற்ற மலிவு சில்லுகளைக் கடந்து வந்தது. எண்பதுகளின் ஒலிப்பதிவுக் கூடங்களை ஆண்ட எஸ்எஸ்எல் 4000 கன்சோல்களில் நிறைந்திருந்தது என்இ5534 ஆப்ஆம்ப் சில்லு. பாடகரின் குரல் அந்தச் சில்லு ஒன்றையல்ல, பலவற்றை அடுத்தடுத்துத் தாண்டித்தான் நாடாவில் ஏறியது. அங்கே தொங்காத திரை, வீட்டில் இருக்கும் பழைய நம்பர் 32-இல் மட்டும் எப்படித் தொங்கும்?

புதியது காதுக்கு மேலானது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படாத கூற்று. நல்ல நிலையில் உள்ள பழைய உயர்மாடல் வைத்திருப்பவர் முதலில் அதன் கெப்பாசிட்டர்களை ஒரு நல்ல டெக்னீஷியனிடம் மாற்றிக்கொள்ளட்டும். பிறகும் ஆசை விடவில்லையென்றால், பெட்டியைக் கடைக்கே தூக்கிப் போகலாம். சில நூறு ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டையும் சமப்படுத்தி, துணி போட்டு மூடிக் கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.