எல்.ஆர்.ஆர்.கே.2 கைனேஸ்: மருந்திலக்கும் நோய்க்குறிப்பானும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பார்க்கின்சன் நோய் ஆய்வில் எல்.ஆர்.ஆர்.கே.2 என்னும் புரதக் கைனேஸ், மருந்திலக்காகவும் உயிர்க்குறிப்பானாகவும் ஒருசேரப் பேசப்படுகிறது. இவ்விரு கூற்றுகளும் வெவ்வேறு சான்றுகளை வேண்டுவன. முன்னதற்குக் கிடைத்த சான்றைக் கொண்டு பின்னதை நிறுவ இயலாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புரதக் கைனேஸ், பார்க்கின்சன் நோய், மருந்திலக்கு, உயிர்க்குறிப்பான், பாஸ்பேட் ஏற்றம்

முன்னுரை

ஏ.டி.பி. மூலக்கூற்றிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைப் பெயர்த்துப் பிறிதொரு புரதத்தின்மீது ஏற்றும் நொதியே புரதக் கைனேஸ் ஆகும். மனித மரபுத்தொகுதியில் இத்தகைய நொதிகள் 500க்கும் மேல் உள்ளன. ஏ.டி.பி. பொருந்தும் பள்ளத்தைச் சிறு வேதிச்சேர்மங்களால் அடைக்கலாம். ஆதலின் மருந்தாக்கத்துறை இந்நொதிகளைப் பெரிதும் நாடுகிறது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் இவ்வழியில் கிட்டிய பெரு வெற்றி. அந்நோயில் பி.சி.ஆர்–ஏ.பி.எல். என்னும் பிறழ்ந்த கைனேஸே காரணி; அதுவே மருந்திலக்கு; குருதியில் அதன் அளவே நோயின் அளவு. இம்மூன்றும் ஒன்றிய அந்நிலையைப் பிற நோய்களுக்கும் பொதுவிதியாகக் கொள்வதில்தான் சிக்கல் எழுகிறது.

மருந்திலக்கு என்பதற்கான சான்று

2002இல் ஜப்பானியக் குடும்பம் ஒன்றில் மரபுவழிப் பார்க்கின்சன் நோய் 12ஆம் குரோமோசோமுடன் தொடர்புறுத்தப்பட்டது. 2004இல் இரு ஆய்வுக்குழுக்கள் அதற்குரிய மரபணுவை இனங்கண்டன. அம்மரபணு உருவாக்கும் புரதம் 2,527 அமினோ அமிலங்களால் ஆனது. ஜி2019எஸ் என்னும் பிறழ்வில் 2019ஆம் இடத்துக் கிளைசின், செரினாக மாறுகிறது. கைனேஸின் செயல்திறன் மிகுகிறது. ரேப் குடும்பப் புரதங்கள் சிலவற்றின்மீது இக்கைனேஸ் பாஸ்பேட் ஏற்றுகிறது என்பது 2016இல் தெளிவாயிற்று. மிகையான செயலே நோய்க்கு வழிகோலுமாயின் அச்செயலைத் தடுத்தல் தக்க வழியே. இந்த அளவில் மருந்திலக்கு என்னும் கூற்று வலுவுடையது.

உயிர்க்குறிப்பான் என்பதற்கான சான்று

இரண்டாம் கூற்று அத்துணை எளிதன்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகமும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் 2016இல் வெளியிட்ட சொல்விளக்கத் தொகுப்பு உயிர்க்குறிப்பான்களை ஏழு வகைப்படுத்துகிறது. அவற்றுள் மூன்று இங்கு இன்றியமையாதவை: நோய் வரும் வாய்ப்பை உணர்த்தும் இடர்க்குறிப்பான், நோய் உள்ளதை அறிவிக்கும் நோயறி குறிப்பான், மருந்தின் வினையைக் காட்டும் மருந்துவினைக் குறிப்பான்.

ஜி2019எஸ் பிறழ்வு ஓர் இடர்க்குறிப்பான். வட ஆப்பிரிக்க அரபு–பெர்பர் நோயாளரிடையே ஏறத்தாழ 30–40 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. இந்திய நோயாளரிடம் மிக அரிது. இப்பிறழ்வைத் தாங்கிய பலர் வாழ்நாள் முழுதும் நோயுறாதிருப்பதால் இதனை நோயறி குறிப்பானாகக் கொள்ளல் பொருந்தாது.

இப்புரதத்தின் 935ஆம் இடத்துச் செரின்மீதுள்ள பாஸ்பேட், தடுப்பான் பிணைந்ததும் குறைகிறது. அதனால் மருந்தாய்வுகளில் அது பெரிதும் அளக்கப்படுகிறது. ஆயின் அந்தப் பாஸ்பேட்டை ஏற்றுவன பிற கைனேஸ்கள். மேலும், கைனேஸின் செயலை மிகுவிக்கும் 1441ஆம் இடத்துப் பிறழ்வுகளிலும் அதே பாஸ்பேட் குறைகிறது. செயல் தடுக்கப்பட்டபோதும் செயல் மிகுந்தபோதும் ஒரே திசையில் நகரும் அளவீடு நோயின் நிலையைக் கூறவல்லதன்று. மருந்து இலக்கைச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்றாகும்.

ரேப்10 புரதத்தின்மீது ஏறும் பாஸ்பேட் கைனேஸின் செயலை நேரடியாகக் காட்டுவது, ஆதலின் மேம்பட்டது. ஆனால் குருதி வெள்ளணுக்களில் அளந்தபோது, ஆர்1441ஜி பிறழ்வினரிடமும் வி.பி.எஸ்.35 மரபணுவின் டி620என் பிறழ்வினரிடமும் தெளிவாக உயர்ந்த அவ்வளவு, மிகப் பரவலான ஜி2019எஸ் பிறழ்வினரிடம் அவ்வாறு உயரவில்லை. எவரை நோக்கி மருந்து முதன்மையாக உருவாக்கப்படுகிறதோ அவரைப் பிறரினின்று பிரித்தறிய இக்குறிப்பான் தயங்குகிறது.

வேறுபாட்டின் வேர்

இரத்தப் புற்றுநோயில் நோயுற்ற உயிரணு குருதியிலேயே உள்ளது. அளக்கும் இடமும் நோயின் இடமும் ஒன்று. பார்க்கின்சன் நோயில் சிதைவது நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள டோபமைன் நரம்பணு; அளக்கப்படுவதோ குருதி வெள்ளணு. ஒன்றன் நிலையைப் பிறிதொன்றின் வழி ஊகிக்கத் தனிச்சான்று வேண்டும். இப்பிறழ்வினர் சிலரின் மூளையில் இந்நோய்க்கே உரியனவாகக் கருதப்படும் லூயி திரள்கள் இல்லை என்று உடற்கூறாய்வுகள் காட்டியிருப்பது, ஒரே பெயரின்கீழ் பல நோய்ப்போக்குகள் உள்ளனவோ என்னும் ஐயத்தையும் எழுப்புகிறது.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் விளையும் இழப்பு நோயாளருக்கே. குரங்குகளில் இக்கைனேஸைத் தடுத்தபோது நுரையீரல் உயிரணுக்களில் மாற்றங்கள் தோன்றியதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்தியபின் அவை மீண்டன எனப் பிந்தைய ஆய்வு கூறினும், இம்மருந்து பல்லாண்டுகள் உட்கொள்ள வேண்டியதாகும். குருதியில் பாஸ்பேட் குறைந்தமையை நோய் தணிந்தமையாகக் கொண்டால், பயன் உறுதிப்படாத மருந்தின் தீங்கை நோயாளர் நெடுங்காலம் சுமக்க நேரும்.

முடிவுரை

எல்.ஆர்.ஆர்.கே.2 சிறந்த மருந்திலக்காகும் தகுதியுடையது. நோயறி குறிப்பானாக இன்னும் நிறுவப்படவில்லை. தடுப்பான் நோயின் போக்கை மாற்றியதையும், அம்மாற்றத்தோடு ஒரு குறிப்பான் ஒத்து நகர்ந்ததையும் நீண்டகால மருத்துவ ஆய்வுகள் காட்டினாலன்றி இரு கூற்றுகளும் ஒன்றாகா. தமிழில் அறிவியல் எழுதுவோர் ‘உயிர்க்குறிப்பான்’ என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல், அது எவ்வகைக் குறிப்பான், எத்திசுவில் அளக்கப்பட்டது, எப்பிறழ்வினரிடம் மெய்ப்பிக்கப்பட்டது என்னும் மூன்றையும் சுட்டுதல் வேண்டும். வகைச்சொற்களை நாம் தொடக்கத்திலேயே பிரித்து ஆண்டால், இக்குழப்பம் தமிழ்ப் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் வேரூன்றாது தடுக்கலாம்.