திருத்தமும் விளக்கமும்

கணிப்பொறியின் நினைவகத்தையும் கோப்புகளையும் எவர் எம்மட்டும் தொடலாம் என்று விதிக்கும் அதிகாரம் முழுவதும் கெர்னல் என்னும் அடிப்படை நிரலிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால், பிற நிரல்களில் நேரும் பெரும்பிழையைக் காட்டிலும் அதில் நேரும் சிறுபிழை அபாயமானது. அத்தகைய பிழைகளைக் களைவதில் லினக்ஸ் கெர்னலை ஆக்குவோர் நெடுங்காலமாக ஒரு கொள்கையைக் கைக்கொண்டு வருகின்றனர். பாதுகாப்புக் குறை என்று தனி வர்க்கம் கிடையாது. அதுவும் பிழைகளுள் ஒன்றே. கண்டவுடன் திருத்திப் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்பதே அக்கொள்கை. அதன் குணதோஷங்களைச் சீர்தூக்குவதற்கு 'டர்ட்டி கௌ' என்று பெயர்பெற்ற குறை தக்க உதாரணமாகும்.

ஒரு கோப்பைப் படிக்க மட்டுமே அனுமதி பெற்றவன் அதைத் தன் நினைவகப் பரப்பில் வைத்துக்கொண்டு எழுத முற்பட்டால், மூலத்தைத் தொடவிடாமல் அவனுக்கென்று ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பது கெர்னலின் வழக்கம். பிரதி எடுத்ததற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட இமைப்பொழுதில் அவனுடைய நிரலின் மற்றோர் இழை அப்பிரதியை எறிந்துவிடுமானால், பிரதி இருக்கிறதென்ற நம்பிக்கையில் எழுத்துரிமையைச் சோதிப்பதையே விட்டுவிட்ட கெர்னல், மூலப்பக்கத்திலேயே எழுதிவிடும். இவ்வாறு சாதாரணப் பயனர் ஒருவர் கணக்குகளைப் பதிந்துள்ள கோப்பையே மாற்றி, நிர்வாகியின் சர்வாதிகாரத்தையும் அடைய முடிந்தது.

2016 அக்டோபரில் இதைத் திருத்திய, லினக்ஸின் மூலகர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோராண்டுகளுக்கு முன்பே தாம் இதைத் திருத்த முயன்று சரிவரச் செய்யவில்லை என்றும், எஸ்390 வகைப் பொறிகளில் எழுந்த சிக்கலால் அம்முயற்சி நீக்கப்பட்டது என்றும், அக்காலத்தில் ஏட்டளவில் இருந்த அபாயம் பின்னர் எளிதில் நேரக்கூடியதாயிற்று என்றும் திருத்தக் குறிப்பிலேயே பதிந்தார். எந்தப் பிழை நாளை ஆயுதமாகும் என்று திருத்துகிறவரே அறியமாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆகவே, எல்லாப் பிழைகளையும் சமமாகப் பாவித்து உடனுக்குடன் திருத்துவதும், திருத்தம் தயாரானபின் அதை வழக்கமாக ஏழு நாட்களுக்குமேல் மறைத்து வைக்காதிருப்பதும் விவேகமான ஏற்பாடுகளே.

ஆனால் அதே சரித்திரம் இம்முறையின் தோஷத்தையும் புலப்படுத்துகிறது. ஏட்டளவிலான பிழையை அடைத்த திருத்தம் வேறொரு பிழைக்காக எளிதில் விலக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் திருத்தமோ, பிரதி எடுத்ததற்கான குறியோடு, பக்கத்தில் 'எழுதப்பட்டது' என்ற அடையாளம் உண்டா என்றும் பார்த்தது. அச்சோதனை பெரும்பக்கங்களுக்கும் விரிக்கப்பட்டபோது, அங்கே பிரதி எடுக்காமலே அவ்வடையாளம் விழக்கூடும் என்பது கவனிக்கப்படாமையால், 2017 நவம்பரில் புதியதொரு குறை வெளிப்பட்டது. இதற்கிடையில், மூலத் திருத்தம் வெளியாகி ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னும், அது சென்றடையாத ஆண்ட்ராய்டு கைபேசிகளை டர்ட்டி கௌ குறையின் வழியாகவே தீநிரல்கள் தாக்கின. கெர்னலில் திருத்தியாயிற்று என்பது பயனரின் கைபேசியில் திருத்தியாயிற்று என்பதாகாது. இடையில் நின்று தேர்ந்தெடுக்கும் விநியோகஸ்தருக்கும் உற்பத்தியாளருக்கும் எது அவசரம் என்று சொல்லாத மௌனம், சமத்துவம் என்ற பெயரில் அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியே.

2024 பிப்ரவரி முதல் பாதுகாப்புக் குறைகளுக்குச் சர்வதேச எண் வழங்கும் உரிமையைக் கெர்னல் திட்டமே ஏற்று, பாதிப்பு விளைவிக்கக்கூடிய திருத்தங்களுக்கெல்லாம் தாராளமாக எண் வழங்கிவருவது, முந்தைய மௌனத்தினும் மேலானதென்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்கள் பெருகப்பெருக, அவற்றுள் எது தன்னைப் பாதிக்கும் என்று பிரித்தறியும் பாரம் கடைசியில் நிற்கும் நிர்வாகியின் தலையிலேயே விழுகிறது. மௌனமும் மிகுதியும் ஒரே குறையின் இரு வடிவங்கள். இரண்டிலும் இல்லாதது விளக்கம்.

திருத்துவதில் வேற்றுமை பாராட்டாத கொள்கை நிலைபெறட்டும். விளக்குவதில் மட்டும் வேற்றுமை பாராட்டியே ஆகவேண்டும். எந்த அனுமானம் பொய்த்தது, அதே அனுமானம் வேறெங்கே இருக்கிறது, இத்திருத்தத்தை நீக்கினால் எது மீண்டும் திறக்கும் என்ற மூன்றையும் பதிந்து, நீக்கியவுடன் எச்சரிக்கும் சோதனை ஒன்றையும் உடன் வைக்காத திருத்தம், எவ்வளவு விரைவில் வந்தாலும் அரைகுறையானதே என்பது என் துணிபு.