பதவியில் இருக்கும்போதே தொடங்கும் அடுத்த வேலை

லூசியானா மாநிலத்தின் பில்லி டோஸான் 1980 முதல் கால் நூற்றாண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தவர். ஜனநாயகக் கட்சியில் தொடங்கி 1995-இல் குடியரசுக் கட்சிக்கு மாறியவர். 2001 முதல் 2004 வரை எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவர். மருந்து, தொலைபேசி, மின்சாரம் எனப் பெருந்தொழில்கள் பலவும் அந்தக் குழுவின் வாசலில்தான் காத்துக் கிடக்கும். 2005 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மருந்து நிறுவனங்களின் சங்கமான ஃபார்மாவுக்குத் தலைவரானார். ஆண்டுச் சம்பளம் சுமார் 20 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. சபை உறுப்பினருக்கு அப்போது கிடைத்தது ஒன்றரை லட்சத்துச் சொச்சம். சட்டமன்றத்திலிருந்து, தொழில்களுக்காக அரசிடம் பரிந்து பேசும் லாபிக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயர் வந்து நிற்பதற்கு இந்தச் சம்பளம் ஒரு காரணம். ஆனால் வெளியே போன பிறகு அவர் செய்ததைவிட, வெளியே போகும் வழி திறந்திருக்கையில் உள்ளே நடந்ததுதான் ஆராயத்தக்கது. லாபி பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் முன்னதைத்தான் பார்க்கின்றன. அங்கேதான் அவை தவறுகின்றன.

2003-இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா வந்தது. அதைச் சபையில் நகர்த்திச் சென்றவர்களிலும், இரு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கப் பேசியவர்களிலும் டோஸான் முக்கியமானவர். நவம்பர் 22 அதிகாலை 3 மணிக்கு வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிய வேண்டியது அது. 15 நிமிடம் கடந்தபோது மசோதா தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் முடிவை அறிவிக்காமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாக்கெடுப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். சுகாதார அமைச்சரே அவைக்குள் நடமாடி உறுப்பினர்களிடம் பேசினார். விடியும் நேரத்தில் 220-க்கு 215 என்று மசோதா நிறைவேறியது. அதற்குள் ஒரு பிரிவு இருந்தது: மருந்து நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் விலை பேசிக்கொள்வதில் அரசு தலையிடக் கூடாது. முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் துறை மருந்துக்கு விலை பேசி வாங்குகிறது. கோடிக்கணக்கான முதியவர்களின் மருந்துச் செலவை ஏற்கும் மெடிகேருக்கு மட்டும் அந்த உரிமை மறுக்கப்பட்டது.

டிசம்பர் 8-இல் மசோதா சட்டமானது. இரண்டு மாதம் ஆவதற்குள், ஃபார்மா அமைப்பு டோஸானைத் தலைவராக்க விரும்புகிறது என்ற செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டது. பிப்ரவரியில் குழுத் தலைமையை விட்டார். பிறகு சிறுகுடலில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று மீண்டார். ஒரு புதிய மருந்தால்தான் உயிர் பிழைத்தேன், அந்தத் தொழிலுக்காகப் பேச அதுவே காரணம் என்று பின்னாளில் சொன்னார். அந்த நன்றியைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. மசோதா பேசப்பட்ட காலத்தில் அவர் வேலைக்குப் பேரம் பேசினார் என்று யாரும் நிரூபித்ததும் இல்லை. நிரூபிக்கத் தேவையில்லாமல் போவதுதான் இந்த வழக்கத்தின் பெருங்கேடு. பெரிய குழு ஒன்றின் தலைவருக்கு, தன் கையில் இருக்கும் தொழில்துறை நாளைக்கு என்ன சம்பளம் தரும் என்பது தெரியும். தனக்கு முன்னால் போனவர்களைப் பார்த்திருக்கிறார். யாரும் எதையும் கேட்க வேண்டாம், எழுதித் தர வேண்டாம். லாபி ஊழலில் சிறை சென்ற ஜாக் ஏப்ரமாஃப், விடுதலையான பிறகு இதை வெளிப்படையாகவே சொன்னார்: ஓர் உறுப்பினரின் உதவியாளரிடம், இங்கே வேலை முடிந்ததும் எங்களிடம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த அலுவலகமே தன் கைக்கு வந்துவிடும் என்றார். லஞ்சத்துக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, பிடித்தால் தண்டிக்கலாம். எதிர்பார்ப்பை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

இதற்கு முதல் மறுப்பு நிபுணத்துவம் பற்றியது. சட்டம் எப்படி உருவாகிறது என்று அறிந்தவர் அரசுக்கும் தொழிலுக்கும் இடையே நிற்பது இருவருக்கும் நல்லது என்பார்கள். டோஸான் விஷயத்தில் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1992-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில், போட்டி நிறுவனங்களுக்கும் நிகழ்ச்சிகள் கிடைக்க வழி செய்த திருத்தம் அவருடையது. மூத்த புஷ் தன் பதவிக்காலத்தில் பயன்படுத்திய வீட்டோக்களில் காங்கிரஸ் முறியடித்தது அந்த ஒரு சட்டத்தின் மீதானதை மட்டுமே. 2008 தேர்தலில் ஒபாமா தன் விளம்பரம் ஒன்றில் இந்த மெடிகேர் சட்டத்தையும் டோஸானின் புது வேலையையும் காட்டி, மாற வேண்டிய அரசியல் இதுதான் என்றார். அடுத்த ஆண்டே அதே டோஸான் ஒபாமாவின் வெள்ளை மாளிகையோடு உட்கார்ந்து பேசி, 10 ஆண்டுகளில் 8,000 கோடி டாலர் செலவுக் குறைப்புக்கு மருந்துத் துறை இசையும், அதற்குமேல் கேட்கக் கூடாது என்று உடன்பாடு கண்டார். எதிர்க்கட்சி ஆட்சியில், விளம்பரத்தில் தன்னைத் தாக்கிய தலைவரிடமே இதைச் சாதிக்க வெறும் பழக்கம் போதாது, திறமை வேண்டும்.

ஆனால் ஒருவரின் திறமையை வைத்து வழக்கத்தையே நியாயப்படுத்த முடியாது. செனட் உறுப்பினர்களிடம் வேலை பார்த்துவிட்டு லாபிக்குப் போனவர்களின் வருமானத்தைப் பொருளியலாளர் மூவர் ஆராய்ந்து 2012-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்டார்கள். தாங்கள் முன்பு வேலை பார்த்த செனட்டர் பதவியை விட்டதும் அவர்கள் ஈட்டும் வருமானம் 24 விழுக்காடு சரிந்தது. செனட்டர் போன அன்று அவர்களின் சட்ட அறிவு குறைந்துவிடவில்லை. குறைந்தது, உள்ளே ஆள் இருக்கிறார் என்ற மதிப்பு. சந்தை எதற்குக் காசு கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்த மதிப்பைச் சபையும் அறிந்தே இருந்தது: முன்னாள் உறுப்பினருக்கு அவைக்குள்ளும் உறுப்பினர்களின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளும் நுழையும் சலுகை காலகாலமாக இருந்தது, அவர் லாபியிஸ்டாகப் பதிவு செய்திருந்தால் அது செல்லாது என்று விதி வந்தது 2006-இல்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. விலை பேசத் தடை விதித்த அந்தப் பிரிவை நீக்கினாலும் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் அப்போது மதிப்பிட்டது. மருந்துத் திட்டத்தின் செலவும் முதலில் கணித்ததைவிடக் குறைவாகவே ஆனது. கோடிக்கணக்கான முதியவர்கள் பயன் பெற்றார்கள். அப்படியானால் டோஸான் சார்ந்த சட்டத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? செலவு குறைந்ததற்குக் காப்புரிமை முடிந்த மருந்துகளின் மலிவு நகல்கள் பெருமளவு காரணம். அந்தப் பிரிவு காரணமல்ல. பட்ஜெட் அலுவலகம் சொன்னதன் பொருளும், நிறுவனத்தை நெருக்க ஒரு பிடி இல்லாமல் வெறுமனே பேசினால் பயனில்லை என்பதுதான். மெடிகேர் விலை பேச வழி திறந்த 2022 சட்டம் அந்தப் பிடியையும் கொடுத்தது: பேச வர மறுக்கும் நிறுவனத்துக்குக் கடுமையான வரி. விலை பேசுவதால் 10 ஆண்டுகளில் சுமார் 10,000 கோடி டாலர் மிச்சமாகும் என்று அதே அலுவலகம் மதிப்பிட்டது. ஒன்றுக்கும் உதவாத பிரிவாக இருந்திருந்தால், 2009-இல் வெள்ளை மாளிகையுடன் பேசியபோது அது நீடிக்க வேண்டும் என்பதில் ஃபார்மா அவ்வளவு உறுதியாக நின்றிருக்காது.

ஓய்வு பெற்றவர் பிழைக்க வேண்டாமா, அரசிடம் முறையிடும் உரிமை எல்லோருக்கும் உண்டே என்பார்கள். உண்டுதான். வாழ்நாள் தடை கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. அது வசதியுள்ளவர்கள் மட்டுமே பதவிக்கு வரும் நிலையை உண்டாக்கும். ஆனால் இப்போதுள்ள காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் பெயரளவில்தான். பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு ஓராண்டு, செனட்டருக்கு லாபி பற்றிய 2007 சட்டப்படி இரண்டாண்டு. அந்தக் காலத்தில் பழைய சகாக்களைத் தொடர்புகொண்டு பரிந்து பேசக் கூடாது, அவ்வளவே. யாரிடம் எப்போது எப்படிப் பேசுவது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து வியூகம் வகுத்துத் தரலாம். டோஸானும் முதலாண்டில் அந்தச் சங்கத்தை நடத்த முடிந்தது. தொலைபேசியை எடுத்துப் பழைய நண்பர்களைக் கூப்பிடத்தான் தடை.

ஆகவே பூட்ட வேண்டியது முன்வாசலை. 2007 சட்டத்தில் அதற்கும் ஒரு விதி இருக்கிறது: பதவியில் இருக்கும் உறுப்பினர் வெளி வேலைக்குப் பேச்சுத் தொடங்கினால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். செனட்டில் அந்தத் தகவல் பொதுமக்களுக்கு வெளியாகிறது. பிரதிநிதிகள் சபையில் அது நெறிமுறைக் குழுவிடம் போய்ச் சேர்கிறது. உறுப்பினர் ஏதாவது ஒரு விவகாரத்திலிருந்து தானாக விலகிக்கொண்டால்தான் வெளியே வரும். விலகாதவரின் பேச்சுவார்த்தை வாக்காளருக்குத் தெரியாது. அந்த அறிவிப்பை அன்றன்றே வெளியிட வேண்டும். குழுத் தலைவர் ஒருவர், தான் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தால் ஆதாயம் அடைந்த துறையில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. மற்ற துறைகள் அனைத்தும் அவருக்குத் திறந்திருக்கட்டும். 2010-இல் டோஸான் ஃபார்மாவை விட்டபோது அந்த ஓராண்டில் அவர் பெற்றது ஒரு கோடியே 16 லட்சம் டாலர். மெடிகேர் விலை பேசி வாங்கிய முதல் பத்து மருந்துகளுக்கு 2026 ஜனவரி 1 முதல்தான் புதிய விலை.