உழைத்த ஜீப்பும் ஓய்வெடுத்த மஸ்டாங்கும்

ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? விமானப்படை நிலையம் இருக்கிற ஏரியா. ராணுவப் பச்சை வண்டி அங்கே யாருக்கும் அதிசயமில்லை. சமீபத்தில் அங்கே ஒரு மெக்கானிக் ஷெட்டில், என்றைக்கோ ஏலத்தில் எடுத்த மிலிட்டரி டிஸ்போசல் ஜீப் ஒன்று நின்றது. பக்கத்தில் பைக்கோடு காத்திருந்த காலேஜ் பையன், செல்போனில் 1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் படத்தைக் காட்டினான். ‘‘கிளாசிக்னா இதுதான் அங்கிள். அது வெறும் தகரம்!’’

சுருக்கென்றது. ஆனால், நான் பி.காம். படித்தவன். வரவு செலவு பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மஸ்டாங் அழகுதான், மறுக்கவே இல்லை. நீண்ட மூக்கு, குட்டைப் பின்புறம். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். முதல் நாளே சுமார் 22 ஆயிரம் ஆர்டர்; இரண்டு வருஷத்துக்குள் பத்து லட்சம் வண்டி! ஆனால், பானெட்டுக்குக் கீழே பாதிக்கு மேல் ‘ஃபால்கன்’ என்ற சாதாரணக் குடும்பக் காரின் சமாசாரம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டிய மாதிரி. அந்த வியாபார மூளைக்கு ஒரு சலாம்.

ஜீப்பின் கதை வேறு. 1941-ல் யுத்தத்துக்காக அவசரமாகப் பிறந்தது. நாலு சிலிண்டர், 60 குதிரைசக்தி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. கண்ணாடியை மடக்கி பானெட் மேல் படுக்க வைக்கலாம். அழகுக்காக அதில் எதுவும் இல்லை. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் தயாரித்துத் தள்ளின. ஆமாம், மஸ்டாங் செய்த அதே ஃபோர்டு! பிறகு மஹிந்திரா புண்ணியத்தில் நம்மூர் மண்ரோடு, மலைத்தோட்டம், எலெக்‌ஷன் பிரசாரம் என்று அது போகாத இடமில்லை.

சிக்கல் இங்கேதான். 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய சொந்த வண்டிக்கு ‘வின்டேஜ்’ அந்தஸ்தும் தனி வரிசைப் பதிவு எண்ணும் உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது.

விதியைக் குறை சொல்லவில்லை. அசலைக் காப்பாற்ற ஏதாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால், அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், பாருங்கள். ஷெட்டுக்குள் போர்வை போர்த்தித் தூங்கிய கார் சுலபமாக பாஸாகிவிடும். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாற்றி, துருப்பிடித்த இடத்தில் புதுத் தகரம் வைத்து, தினமும் மூட்டை சுமந்த ஜீப் ஃபெயில். உழைக்கிற உடம்பில் தழும்பு இல்லாமல் இருக்குமா? அந்தத் தழும்பும் சரித்திரம்தானே? அதற்கும் விதியில் ஒரு தனிப் பிரிவு போட்டால் என்ன?

மெக்கானிக்கிடம் விசாரித்தேன். ‘‘இது மூணாவது எஞ்சின் சார். ஆனா, வண்டி அதேதான்!’’ என்றபடி சாவியைத் திருப்பினார்.

இருமிக்கொண்டே கிளம்பியது. பையன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, ‘‘அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?’’ என்று பின்னாடியே ஓடினான்.