2009ல் செய்த லேசிக், இன்றைக்கு எப்படி இருக்கிறது?

லேசிக் செய்துகொண்டவரிடம் அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள். சுவர்க் கடிகாரம் தெரிகிறது, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரிகிறது, சூப்பர் என்பார். போனுக்கும் பைக்குக்கும் ஒரு வார அனுபவம் போதும், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். செதுக்கிய கருவிழியைப் பழையபடி ஆக்க வழி கிடையாது. அதனால் இதற்கு வருடக்கணக்கில் கழித்து எழுதும் விமர்சனம்தான் பொருந்தும்.

2009ல் சென்னையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் எனக்கு இரண்டு கண்ணிலும் லேசிக் நடந்தது. அன்று வலது கண் மைனஸ் 5.5, இடது கண் மைனஸ் 5. இன்று வலது மைனஸ் 0.75, இடது மைனஸ் 0.25. பகலில் கண்ணாடி போடுவதில்லை. இரவில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போது மட்டும் போடுகிறேன். என்னைக் கேட்டால், எனக்கு இது நல்ல முடிவு. அடுத்தவருக்கும் நல்ல முடிவாக இருக்குமா என்பதை லேசர் இயந்திரத்தின் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேசருக்கு முன்னால் நடக்கும் அளவெடுப்புதான் அதைத் தீர்மானிக்கிறது.

இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு இருக்கிறது. லேசிக்கில் வேலை செய்வது எக்ஸைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர். இது திசுவைக் கருக்காமல் சீவும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். 1929ல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர். நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற இடத்திலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி தெரிவிப்பு நாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய கறித்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் லேசரை அடித்துப் பார்த்தார். எக்ஸைமர் பட்ட இடம் கருகாமல், ஓரம் பிசிறாமல் வெட்டுப்பட்டிருந்தது. சக விஞ்ஞானிகள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரோடும் சேர்ந்து அதை ஆராய்ந்தார். 1983ல் ஸ்டீஃபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவருடன் சேர்ந்து கருவிழியில் அதைச் சோதித்தார்கள். கருவிழியில் மெல்லிய மூடி திறந்து, உள்ளே செதுக்கி, மூடியைத் திரும்பப் போடும் லேசிக் முறை 1990ஐ ஒட்டி உருவானது. கிரீஸ் நாட்டு மருத்துவர் பல்லிகாரிஸ் அதன் முன்னோடிகளில் ஒருவர். நம் கண் மருத்துவமனைகளில் காத்திருக்கும்போது டிவியில் லேசிக் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு தடவையாவது சீனிவாசன் பெயரும் படமும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அறுவை சிகிச்சை அறையில் நடப்பது சட்டென்று முடிந்துவிடும். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் கம்பிக் கிளிப் மாட்டினார்கள். கண்ணின் மேல் ஒரு வளையத்தை வைத்து உறிஞ்சிப் பிடித்ததும் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, பார்வை சாம்பல் நிறமாகிப் பிறகு முழுக்க இருட்டிவிட்டது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் நான் பதறவில்லை. சின்ன மோட்டார் ஓடும் சத்தம். பிளேடு மூடியை அறுத்தது. மூடியைப் புரட்டியபோது நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளி கலங்கிப் பரவியது. “அதையே பாருங்க சார், அசையாதீங்க.” டக் டக்கென்று லேசர் சத்தம், கூடவே முடி பொசுங்குவது மாதிரி ஒரு வாடை. பலரும் இந்த வாடையைச் சொல்லி, கண் எரிகிறதோ என்று பயந்ததாகச் சொல்வார்கள். எரிவது எதுவும் இல்லை. திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை லேசர் உடைக்கிறது. உடைந்த துணுக்குகள் ஆவியாகப் பறக்கும்போது வரும் வாடை அது. சீனிவாசன் அன்று கறித்துண்டில் கண்டதும் இந்தக் கருகாத வெட்டைத்தான். ஒரு கண்ணுக்கு லேசர் ஓடியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இருக்கிறது. என் வலது கருவிழியின் நடுத்தடிமன் 545 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. மூடிக்கு 130 போனது. மைனஸ் 5.5ஐ எடுக்கச் செதுக்கியது சுமார் 75. மூடிக்குக் கீழே மிஞ்சியது 340. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான வரம்பு. 300க்குக் கீழே போகவே மாட்டேன் என்கிற டாக்டர்களும் உண்டு, அவர்கள் பக்கம்தான் நான். பவர் கூடக் கூடச் செதுக்கும் ஆழமும் கூடும். கருவிழி மெல்லியதாக உள்ளவருக்கு மைனஸ் 8 என்றால் கணக்கு இடிக்கும். தடிமன் போதுமானதாக இருந்தாலும் வடிவம் சரியில்லை என்றால் ஆபத்துதான். இயல்பிலேயே வலுக்குறைந்த கருவிழியில் கை வைத்தால், சைக்கிள் டியூபில் மெலிந்த இடம் புடைப்பதுபோல அது நாளடைவில் முன்னே புடைத்துக்கொண்டு வரும். அப்படி ஆனால் பழைய சோடாபுட்டிக் கண்ணாடியாலும் பார்வையை மீட்க முடியாது.

என் அக்கா மகன் விஷயத்தில் இதை நேரில் பார்த்தேன். கல்லூரிப் படிப்பு முடியப் போகிறது, “மாமா, நீங்க பண்ணிக்கிட்ட மாதிரி நானும் பண்ணிக்கிறேன்” என்று நின்றான். அலர்ஜியால் சதா கண்ணைக் கசக்குகிறவன். சிலிண்டர் பவர் வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே போனில் சலுகை விலையும் ஆபரேஷன் தேதியும் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் கருவிழி வரைபடம் எடுத்த டாக்டர், திரையில் கீழ்ப் பக்கம் மட்டும் ஆரஞ்சும் சிவப்புமாக ஏறியிருந்த பகுதியைக் காட்டினார். “தம்பி, உனக்கு லேசர் வேண்டாம். முதல்ல கண்ணைக் கசக்குறதை நிறுத்து” என்றார். கெரட்டோகோனஸ் என்ற கூம்புக் கருவிழி நோய் தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகம். இப்போது அலர்ஜிக்கு மருந்து விட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துவருகிறான். நோய் நகர்வது தெரிந்தால் கிராஸ்லிங்கிங் செய்து கருவிழியை இறுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அவனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சரி, ஆபரேஷன் ஆனவர்களின் பாடு என்ன? கண் வறட்சிதான் முதல் தொல்லை. மூடியை அறுக்கும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுகின்றன. அவை திரும்ப வளர மாதங்கள், சிலருக்கு வருடங்கள் பிடிக்கும். அதுவரை ஈரம் போதவில்லை என்ற தகவலே கண்ணிலிருந்து சரியாகப் போவதில்லை. முதல் வருடம் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மதியத்துக்கு மேல் மணல் விழுந்தமாதிரி உறுத்தும். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஈரச் சொட்டு மருந்து இல்லாமல் நான் நீண்ட பயணம் கிளம்புவதில்லை.

இரண்டாவது தொல்லை இரவு. செங்கல்பட்டு தாண்டி எதிரே வரும் லாரியின் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு மங்கலான வளையம் தெரியும். பகலில் அது இருப்பதே தெரியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடத்தி 2017ல் வெளியான ஆய்வைப் படித்தபோது இது என் ஒருவன் கதை அல்ல என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன் வளையம், கூச்சம், இரட்டைத் தோற்றம் எதுவுமே இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர், மூன்று மாதம் கழித்து இவற்றில் ஏதோ ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். அன்றாட வேலையே கெடும் அளவுக்கு அவதிப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த மூன்று தகவலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரங்கள் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுவதுதான் உங்கள் பிழைப்பு என்றால், முதல் தகவலைப் பற்றி டாக்டரிடம் விளக்கமாகப் பேசுங்கள்.

மூடி முன்போல முழு வலுவோடு ஒட்டுவதில்லை. ஓரத்தில்தான் தழும்பு கட்டுகிறது. வருடங்கள் கழித்துக் கண்ணில் அடிபட்டு மூடி நகர்ந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. குத்துச்சண்டை, கபடி ஆடுகிறவர்கள் மூடியே இல்லாத பிஆர்கே முறையைக் கேட்டுப் பார்க்கலாம். சில நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியவும் நாளாகும். இப்போது பரவலாகிவிட்ட ஸ்மைல் முறையில் மூடிக்குப் பதில் சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து மெல்லிய வில்லையை உருவுகிறார்கள். மெல்லிய கருவிழி, மிக அதிக பவர் என்றால் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் இருக்கிறது. அதற்கு அதன் சொந்த ஆபத்துகள் உண்டு.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. லேசிக் அதைத் தடுக்காது. என் வயதுள்ள கிட்டப்பார்வை நண்பர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி போய்விட்டது. வலது கண்ணில் மீந்த 0.75 போன் படிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. லேசர் மாற்றுவது கண்ணின் முன்பக்கத்தை மட்டும். கிட்டப்பார்வைக் கண் நீளமான கண். அந்த நீளம் அப்படியேதான் இருக்கிறது, இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போனதோடு கண் டாக்டரையும் மறந்துவிடுகிறவர்கள் அதிகம். வருடம் ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். செதுக்கிய கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் லேசிக் செய்ததைச் சொல்லுங்கள்.

பிற்காலத்தில் கண்புரை ஆபரேஷன் வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவதும் லேசிக் செய்த கண்ணில் சிக்கல். பழைய கருவிழி அளவுகள் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. எனக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் சில வருடம் கழித்துக் கேட்டபோது என் பதிவுகள் கிடைக்கவில்லை. ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பையில் அம்மா போட்டு வைத்திருந்த நகல்தான் இன்று கையில் இருக்கிறது. நீங்கள் செய்துகொள்வதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழித் தடிமன், வளைவின் அளவு, ஸ்கேன் படம், எத்தனை மைக்ரான் செதுக்கினார்கள் என்ற குறிப்பு, இத்தனையையும் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.