எண்ணிக்கையும் உறவும்: கிழக்கு இலண்டன் குடும்ப ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

மக்கள் எங்கிருந்து எங்குப் பெயர்ந்தனர், என்ன தொழில் செய்கின்றனர், எவரோடு கூடி வாழ்கின்றனர், அவ்வாழ்வில் நிறைவு கண்டனரா என்னும் வினாக்களுக்கு முன்னாளில் அறிஞர் தம் அனுபவத்தையும் ஊகத்தையும் துணையாகக் கொண்டே விடை கூறினர். பின்னர் மாதிரியெடுப்பும் வினாக்கொத்தும் அவ்விடத்தைப் பெற்றன. இம்மாற்றத்தினால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், எண்ணக்கூடியவற்றை எண்ணி முடித்த பின்னரும், நாம் அறிய விரும்பிய பொருளையே எண்ணினோமா என்னும் ஐயம் எஞ்சி நிற்கின்றது. இவ்வையத்தை ஆராய்தற்கு ஏற்றதொரு நூல், மைக்கல் யங், பீற்றர் வில்மொற் என்னும் இருவரும் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிழக்கு இலண்டனிற் குடும்பமும் உறவும்' என்பதாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின், நெருக்கம் மிக்க பழைய பகுதிகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை நகரின் புறத்தே அமைத்த புதிய குடியிருப்புகளுக்கு இலண்டன் கவுண்டி சபை மாற்றி வந்தது. அங்ஙனம் மக்கள் நீங்கிய பகுதிகளுள் ஒன்று பெத்நல் கிறீன். அவர்கள் சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று எசெக்சிலுள்ள டெப்டன். நூலாசிரியர்கள் அதனைக் 'கிறீன்லி' என்னும் புனைபெயராற் குறித்தனர். இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் இருபது மைலுக்குங் குறைவு. கடல் கடவாத, நாட்டெல்லை தாண்டாத இச்சிறு பெயர்வு குடும்பத்தை எவ்வாறு மாற்றியது என்பதே ஆய்வின் பொருள்.

தொழில் வளர்ந்த நாடுகளிற் பெருங்குடும்பம் தேய்ந்து, கணவன், மனைவி, பிள்ளைகள் என்னுஞ் சிறு கூட்டமே தனித்து நிற்கும் என்பது அக்காலச் சமூகவியலாருட் பலரின் கருத்து. அமெரிக்க அறிஞர் ரல்கொற் பார்சன்ஸ் அதனை வலியுறுத்தியவருள் முதன்மையானவர். யங்கும் வில்மொற்றும் பெத்நல் கிறீன் வாக்காளர் இடாப்பிலிருந்து தெரிந்து 933 பேரை வினவினர். தாயார் உயிரோடிருந்த மணமான பெண்களுள் நூற்றுக்கு 55 பேர் முந்திய இருபத்துநான்கு மணி நேரத்துள் தாயைக் கண்டிருந்தனர். ஆண்களுள் அத்தகையோர் நூற்றுக்கு 31 பேர். பெருநகரின் நடுவே, தாயையும் மகளையும் அச்சாகக் கொண்டு பெருங்குடும்பம் இயங்கிக்கொண்டிருந்தது. கற்றோர் இறந்துவிட்டதெனக் கருதிய ஒன்றை அது வாழும் தெருவிலேயே கண்டு காட்டியமை இந்நூலின் அழியாச் சிறப்பு. பொருளியற் கணக்கிலே இடம்பெறாத தாயின் உழைப்பை, அதாவது பேரப்பிள்ளையைப் பார்த்தலையும் பிள்ளைப்பேற்றின்போது உதவுதலையும், ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கியமையும் அதற்கு இணையான சிறப்பாகும்.

அடுத்து, கிறீன்லிக்குப் பெயர்ந்த 47 குடும்பங்களை 1953 இல் வினவினர். அவற்றுள் 41 குடும்பங்களை 1955 இல் மீண்டும் கண்டனர். இரு பக்கத்துப் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மனைவியர் பெத்நல் கிறீனில் வாரத்துக்குச் சராசரி 17.2 முறை சந்தித்தனர். கிறீன்லியில் அது 1953 இல் 3.0 ஆகவும், 1955 இல் 2.4 ஆகவுங் குறைந்தது. கணவரின் எண்ணிக்கை 15.0 இலிருந்து 3.8 ஆகிப் பின் 3.3 ஆயிற்று. மனிதரை நடுவாகக் கொண்ட வாழ்வு வீட்டை நடுவாகக் கொண்ட வாழ்வாயிற்று என்பது ஆசிரியர்களின் முடிவு. மக்களை அகற்றாது, பழைய பகுதிகளிலேயே வீடுகளைப் புதுக்கித் தருக என்பது அவர்களின் பரிந்துரை.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கிறீன்லி மாந்தர் பெயர்வதற்கு முன் அவர்களை எவரும் வினவவில்லை. எனவே 17.2 என்னும் எண், புதிய வீட்டிலிருந்து பழைய தெருவை நினைந்து கூறிய விடைகளிலிருந்து பெறப்பட்டது. 3.0 என்பதோ நிகழ்கால வாழ்வைக் கூறியது. இரு வேறு தன்மையுடைய எண்களைப் பக்கத்திற் பக்கமாக நிறுத்தும்போது, தசமப் புள்ளி தரும் துல்லியத் தோற்றத்தால் நாம் மயங்கலாகாது.

இரண்டாவது, நெருங்கி ஆராயப்பட்ட குடும்பங்கள் யாவும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவரேனும் உள்ளவை. தாயின் துணை மிகவும் வேண்டப்படும் பருவம் அதுவே. அப்பருவத்தில் நிகழ்வதைக் கொண்டு ஓர் ஊரின் முழு வாழ்வையும் அளத்தல், அறுவடை மாதத்தை மட்டுங் கண்டு உழவனின் ஆண்டு முழுவதையுங் கூறுவதை ஒக்கும்.

மூன்றாவது குறையே மூலக் குறை. சந்திப்பின் எண்ணிக்கையை உறவின் அளவாகவும், உறவின் அளவை வாழ்வின் நிறைவாகவும் ஆசிரியர்கள் படிப்படியாகக் கொண்டனர். ஒரு மகள் தாய்வீடு செல்வது அன்பினாலாகலாம். தன் இரு அறைகளில் இடமின்மையாலாகலாம். சென்றிலளேல் ஊர் பழிக்கும் என்னும் அச்சத்தாலுமாகலாம். வினாக்கொத்தில் இம்மூன்றும் 'ஒரு முறை' என்றே பதிவாகும். வரலாற்றறிஞர் ஜோன் லோறன்ஸ், எஞ்சியுள்ள களக்குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்து 2016 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உறவினரோடு பிணக்குற்றோர், அயலாரின் கண்ணுக்கு அஞ்சியோர், அவ்விடத்தை விட்டு நீங்க விழைந்தோர் ஆகியோரின் மொழிகள் அக்குறிப்புகளில் உள்ளன என்றும், நூலின் முடிவுக்கு மாறான சான்றுகள் உரிய இடம்பெறவில்லை என்றும் அவர் காட்டினார். களத்திற் கேட்ட குரல்கள் அச்சுக்கு வரும் வழியில் ஒருமுகப்பட்டுவிட்டன.

வியப்பு யாதெனின், இக்குறைக்கு மருந்து அவர்களின் அயலறையிலேயே இருந்தமையாகும். அதே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் ரவுன்சென்ட், அதே பெத்நல் கிறீனில் ஓய்வூதிய வயதினர் 203 பேரைக் கண்டு, அதே 1957 இல் முதியோரின் குடும்ப வாழ்வு பற்றி நூல் வெளியிட்டார். தனிமைப்பட்டிருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு என அவர் தெளிவாகப் பிரித்தார். முன்னையது எண்ணத்தக்கது, பின்னையது கேட்டறியத்தக்கது. சந்திப்புக் குறைந்தோர் யாவரும் தனிமையுணர்வு உடையோரல்லர் என்றும், அன்புக்குரியவரை அண்மையில் இழந்தோரிடமே அவ்வுணர்வு மிக்கிருந்தது என்றும் அவர் கண்டார். இப்பாகுபாட்டைக் கிறீன்லியிற் பயன்படுத்தியிருப்பின், இழந்தோர் யார், விடுபட்டோர் யார் என நாம் அறிந்திருப்போம்.

ஒரு நூலின் குறை அதனோடு முடிவதில்லை. யங், ஜெவ் டென்ச், கேற் கவ்றன் ஆகியோர் அதே பகுதியில் 1990களில் மீண்டும் ஆய்வு நடாத்தினர். யங் 2002 இல் மறைந்தபின், 2006 இல் அது நூலாயிற்று. வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறியோருக்கும் பழங்குடி வெள்ளையருக்கும் வீட்டுரிமை குறித்து எழுந்த பகையே அதன் மையம். பழைய ஒற்றுமை குலைந்தது என்று அந்நூல் பேசும்போது, அளவுகோலாக நிற்பது 1957 இல் தீட்டிய படமே. அப்படம் உள்ளதினும் அழகாகத் தீட்டப்பட்டிருப்பின், இழப்பும் உள்ளதினும் பெரிதாகவே தோன்றும். அவ்விழப்புக்குப் பின்வந்தோரைப் பொறுப்பாளராக்குதலும் எளிதாகும். ஆய்வின் பிழை மனிதர் மீது பழியாக இறங்கும் வழி இது.

இவற்றாற் புள்ளிவிபரம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. 55 என்னும் அவ்வெண் இல்லையேல் பார்சன்சின் கூற்றை மறுத்திருக்க இயலாது. எண் ஒரு பொய்யை வீழ்த்த வல்லது. அதனை வீழ்த்திய இடத்தில் ஒரு மெய்யை நிறுவுதற்கோ எண்ணோடு வேறொன்றும் வேண்டும். பிள்ளைகள் மேலைநாடுகளிலும் தாயர் மத்திய கிழக்கிலும் உழைக்கும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. அவற்றை ஆராயப் புகும் மாணவர், வாரத்துக்கு எத்தனை முறை தொலைபேசியிற் பேசுகின்றீர் என வினவுவர், வினவுதல் முறையே. அதனையடுத்து, பேசி முடித்தபின் மனம் ஆறுகின்றதா, கனக்கின்றதா என்றும் வினவுதல் வேண்டும். அவ்விடையைத் தாம் எதிர்பார்த்த முடிவுக்கு மாறாயினும் மறையாது எழுதுதலே ஆய்வாளரின் கடமை. யங்கும் வில்மொற்றும் தம் வெற்றியாலும் குறையாலும் நமக்குக் கற்பிப்பது இதுவே.